மடா பேசியவரும் என் ஆள் எண்ணிக்கையும்

அன்றைக்கு ஆறாம் பாயின்ட்டில் இருந்தவர்கள்:

ஏழுமலை. மந்தாரக்குப்பம். துபாயில் நாலு வருஷம் இருந்தவன். எங்கள் கேங்கில் அவன் ஒருவனுக்குத்தான் இங்கிலீஷ் வரும்.

அஞ்சலை. பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற கரியை வாரிப் போடுகிற வேலை. வாய் அதிகம். வேலை அதைவிட அதிகம்.

சேகர். பேச மாட்டான்.

முருகவேல். சேகருக்கும் சேர்த்துப் பேசுவான்.

பச்சமுத்து. கடப்பாரை பிடிக்கிறவன்.

அயூபா. நைஜீரியாவில் இருந்து பயிற்சிக்கு வந்தவர். தாய்மொழி மடா.

நான், கலியபெருமாள். காண்ட்ராக்ட் கேங்குக்கு மேஸ்திரி. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன்.

எத்தனை பேர் என்று எழுதாமல் பேராக எழுதியிருக்கிறேன். காரணம் இருக்கிறது. பெல்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும்.

1. என் வேலை

நெய்வேலி சுரங்கத்தில் மண்ணும் கரியும் பெல்ட்டில் போகும். ஒரு பெல்ட் முடிந்து அடுத்த பெல்ட்டில் கொட்டுகிற இடம் ட்ரான்ஸ்ஃபர் பாயின்ட். கொட்டுகிற இரும்புக் குழாய்க்குச் சூட் என்று பேர். ஆள் உள்ளே புகுந்து நிற்கிற அளவுக்குப் பெரியது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் களிமண் ஈரமாக வரும். சூட்டில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். அப்போது எங்களைக் கூப்பிடுவார்கள்.

பெல்ட்டை நிறுத்தி, ஸ்விட்சை இறக்கி, நான் பூட்டுப் போடுவேன். சாவி என் பையில் இருக்கும். ஆட்கள் உள்ளே போய்க் கடப்பாரையால் இடித்துத் தள்ளுவார்கள். முடிந்ததும் எல்லாரும் வெளியே வந்து கைப்பிடிக் கம்பி ஓரமாக வரிசையில் நிற்க வேண்டும். நான் எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் பூட்டை எடுத்துவிட்டு, வாக்கி டாக்கியில் "கிளியர்" என்று சொல்வேன். கண்ட்ரோல் ரூமில் முதல் ஹூட்டர் அடிப்பார்கள். கொஞ்ச நேரம் விட்டு இரண்டாவது ஹூட்டர். அதோடு பெல்ட் ஓடும்.

சூட்டில் ஆள் இருக்கும்போது பெல்ட் ஓடினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

ஆக, என் வேலை எண்ணுவது. முப்பது வருஷமாக எண்ணினேன். மஞ்சள் ஹெல்மெட் ஐந்து. விரலை நீட்டி ஒன்று இரண்டு மூன்று நாலு ஐந்து. அவ்வளவுதான்.

2. அயூபா வந்தது

ஐப்பசி மழையில் வந்தார். மூன்று மாதப் பயிற்சி. அவரோடு வந்த மற்றவர்களை ஆபீஸ் பக்கம் அனுப்பிவிட்டார்கள். இவர் ஃபீல்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். டவுன்ஷிப்பில் பதினெட்டாம் வட்டத்தில் தங்கியிருந்தார். சைக்கிளில் வருவார். பயிற்சிக்காரர் என்பதால் வெள்ளை ஹெல்மெட்.

ஏழுமலை முதல் நாளே விசாரணையை ஆரம்பித்துவிட்டான். கேட்டு எங்களுக்குச் சொன்னான்.

"அக்வாங்கான்னு ஊராம் மேஸ்திரி. பாறையும் குன்றுமா இருக்குமாம். சோளம் போடுவாங்களாம், கெழங்கு போடுவாங்களாம். முந்திரி மரம்கூட உண்டாம். வழியில நம்ம முந்திரித் தோப்பப் பாத்துட்டு, எங்க ஊருக்கே வந்துட்டமாதிரி இருந்துச்சுங்கிறாரு."

"என்ன பாஷை பேசுவாங்களாம்?" என்று அஞ்சலை கேட்டாள்.

"ஸ்கூல்ல இங்கிலீஷு. சந்தையில ஹவுசான்னு ஒண்ணு. வூட்டுல மடா. அந்த ஜனத்துக்குப் பேரும் மடாதான்."

"மூணு பாஷையா. உனுக்கு ஒண்ணே ஒழுங்கா வர்ல."

அயூபாவைப் பேசிக் காட்டச் சொன்னோம். பேசினார். மேலே ஏறி, கீழே இறங்கி, நடுவில் நின்று போகிற பேச்சு. ஒரு சத்தம் எனக்குப் புதிது. 'க்'கும் 'ப்'பும் ஒரே நேரத்தில் வாயில் உடைகிற சத்தம். முருகவேல் அன்று முழுக்க அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு திரிந்தான். எச்சில்தான் வந்தது. ஒரே சொல்லை மேலே தூக்கிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள் என்றார் அயூபா. அவரிடம் மடா மொழியில் அச்சடித்த பைபிள் இருந்தது. காட்டினார். இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் எழுத்துக்கு மேலே சின்னச் சின்னக் கோடுகள்.

நெய்வேலிக்கு எல்லா ஜில்லாக்காரனும் வந்திருக்கிறான். தெலுங்கு, மலையாளம், இந்தி, ஒடியா எல்லாம் கேட்டிருக்கிறேன். மடா பேசுகிறவர் இவர் ஒருவர்தான். கூட வந்த நைஜீரியாக்காரர்களுக்கும் அது தெரியாது. அவர்களோடு இவர் இங்கிலீஷில்தான் பேசினார்.

வந்த அன்றே ஒவ்வொருவராக நிறுத்திப் பேரைக் கேட்டு நோட்டில் எழுதினார். மறுநாள் சூட் அடைப்பு எடுத்து முடித்ததும் நான் விரலை நீட்டினேன். அவர் என் விரலைக் கையால் மூடினார்.

"நோ நம்பர், மேஸ்திரி. நேம்."

பிறகு அவரே கூப்பிட்டார். ஏழ்மலை. அஞ்சல. சேகர். முருகா. பச்ச. ஒவ்வொருவரும் வாய் திறந்து பதில் சொன்னால்தான் அடுத்த பேர்.

டீ குடிக்கும்போது காரணம் சொன்னார். ஏழுமலை சொன்னபடி எழுதுகிறேன்.

அவர் ஊர்ப் பக்கம் கையால் குழி தோண்டிக் கனிமம் எடுப்பார்கள். அவர் அண்ணன் அந்த வேலைக்குப் போனவர். ஒருநாள் ஆறு பேர் கயிற்றில் இறங்கினார்கள். சாயங்காலம் மேலே நின்றவன் எண்ணினான். ஆறு பேர் ஏறி வந்தாயிற்று. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ராத்திரி மழையில் குழி சரிந்தது. ஏறி வந்த ஆறு பேரில் ஒருவன் பக்கத்துக் குழிக்காரன். உள்ளே வழி இரண்டும் ஒன்றாகிவிட்டதால் இந்தக் கயிற்றில் ஏறி வந்திருக்கிறான். அண்ணன் உள்ளேயே இருந்துவிட்டார்.

"எண்ணிக்கை சரியா இருந்துச்சு. அதாம்பா சொல்றாரு," என்றான் ஏழுமலை. "ஆறுன்னா யாரு வேணா ஆறா இருக்கலாமாம். பேருன்னா அந்த ஆளு மட்டுந்தான் பதில் சொல்ல முடியுமாம்."

அவர் பேர் கூப்பிடட்டும், நான் எண்ணிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். கேங்குக்கு அது ஒரு விளையாட்டு. முருகவேல் கையைத் தூக்கி "பிரசென்ட் சார்" என்பான்.

3. இடைவெளி

அயூபா வேலை நேரத்தில் தனியாகப் பேசுவார். சத்தமாக, மடாவில். பெல்ட் ஓரமாக நடந்துகொண்டே பேசுவார். சுரங்கம் பெரிய பள்ளம். படிப்படியாக வெட்டி இறங்கியிருக்கிற மண் சுவர். பேச்சு அதில் போய் மோதித் திரும்பும். அந்தப் பள்ளம் இருக்கிற இடத்தில் முன்னே எங்கள் ஊர் இருந்தது. இன்றைக்கு அந்த ஊர் இருந்த இடம் என்றால், தலைக்கு மேலே காற்றைத்தான் காட்ட வேண்டும்.

அஞ்சலைதான் முதலில் கவனித்தாள்.

"ஏன் மேஸ்திரி, அய்யூப்பு யாருகிட்ட பேசிகினு இருக்காரு?"

"தானா பேசுறாரு. வுடு."

"தானா பேசுறவன் பேசிகினே போவான். இவுரு நிறுத்துறாரு. நிறுத்தி, தலைய ஆட்டிகினு கேக்குறாரு. அப்புறம் பேசுறாரு."

பார்த்தேன். உண்மைதான். கையில் போன் இல்லை. ஃபீல்டில் போன் கூடாது.

ஏழுமலையை விட்டுக் கேட்கச் சொன்னேன். அயூபா சிரித்தார். கூச்சப்பட்டார்.

அம்மாவிடம் பேசுகிறாராம். அவர் ஊரில் காலையில் வயலில் பார்த்ததும் பெரியவர்கள் கேட்பார்கள், சின்னவர்கள் பதில் சொல்வார்கள். தூங்கினாயா, உடம்பு எப்படி, வேலைக்கு வந்தாயிற்றா, வீட்டில் இருக்கிறவர்கள் எப்படி என்று வரிசையாகப் போகுமாம். நம் வணக்கம் மாதிரி ஒருவர் மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இரண்டு வாய் வேண்டும். இங்கே இன்னொரு வாய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால்தான் உண்டு. அதனால் தன் பங்கை மட்டும் சொல்லிவிட்டு, அம்மாவின் பங்குக்கு இடம் விடுகிறாராம். பேசாமல் இருந்தால் மூன்று மாதத்தில் வாய் துருப்பிடித்துவிடும் என்றார்.

"பாவம்," என்றாள் அஞ்சலை. மறுநாளில் இருந்து அவர் நிறுத்துகிற இடத்தில் இவள் "ஆங்" என்று குரல் கொடுப்பாள். அவர் சிரிப்பார்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. ஒருநாள் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அடியோடு. காரணம் யாரும் கேட்கவில்லை. குளிர் என்று நினைத்தோம்.

அந்த வாரத்தில் எனக்கும் ஒன்று நடந்தது. சூட் வேலை முடிந்து எண்ணினேன். ஆறு வந்தது. ஐந்துதான் வர வேண்டும். மறுபடியும் எண்ணினேன். ஐந்து. இரண்டு நாள் கழித்து அதேபோல் ஆனது. அயூபாவின் வெள்ளை ஹெல்மெட்டைச் சேர்த்து எண்ணிவிட்டேனா என்று பார்த்தேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

4. ஹூட்டர்

மார்கழிப் பனி. முதல் ஷிஃப்ட். காலை ஏழரை மணி. வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் பத்தடிக்கு அப்பால் பார்வை போகவில்லை. வெள்ளையாக நின்றது பனி. கரித்தூளும் அதில் சேர்ந்திருந்தது. பேசினால் பக்கத்தில் பேசுவது தூரத்தில் கேட்டது.

ஆறாம் பாயின்ட்டில் சூட் முழுக்க அடைப்பு. பூட்டுப் போட்டேன். ஏழுமலை, சேகர், முருகவேல், பச்சமுத்து நாலு பேரும் உள்ளே இறங்கினார்கள். அஞ்சலை அடியில் நின்று தள்ளினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கண்ட்ரோலில் இருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

"மேஸ்திரி, இன்னும் எவ்ளோ நேரம்? அங்க பவர் ஹவுஸ்ல கரி பங்கர் காலியாயிகினு இருக்கு."

"முடிஞ்சிடுச்சுங்க. அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம்னு அரை மணி நேரமா சொல்லிகினு இருக்க."

அடைப்பு விட்டது. "வெளிய வாங்க" என்று குரல் கொடுத்தேன். பனிக்குள் ஒவ்வொருவராக வந்து கம்பி ஓரமாக நின்றார்கள். கிட்டே நின்றவர்களின் முகம் தெரிந்தது. தள்ளி நின்றவர்களுக்கு ஹெல்மெட்டும் தோளும்தான். வரிசையின் கடைசியில் பெல்ட்டைத் தாங்குகிற கேன்ட்ரி தூண் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு மஞ்சள் ஹெல்மெட்.

எண்ணினேன். ஐந்து.

வழக்கமாக அயூபா பேர் கூப்பிட்ட பிறகுதான் நான் கிளியர் சொல்வேன். அன்றைக்கு அவசரம். பூட்டை எடுத்தேன். வாக்கி டாக்கியை அழுத்தினேன்.

"ஆறாம் பாயின்ட் கிளியர்."

முதல் ஹூட்டர் அடித்தது.

அயூபா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் பாட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்.

"ஏழ்மலை."

"இருக்கேன்."

"அஞ்சல."

"இங்கதான் நிக்குறேன், குளுருல."

"சேகர்."

"உம்."

"முருகா."

"பிரசென்ட் சார்."

"பச்ச."

பதில் இல்லை.

"பச்ச."

தூண் ஓரத்து ஹெல்மெட் அசையவில்லை.

"டேய், கூப்புடுறாரு இல்ல, வாயத் தொறடா," என்றேன்.

தூண் பக்கத்தில் இருந்து பதில் வந்தது. மெதுவான குரல். நாலைந்து சொல். மேலே ஏறி, இறங்கி, நடுவில் நின்றது. அந்த 'க்'கும் 'ப்'பும் சேர்ந்து உடைகிற சத்தம் அதில் இருந்தது.

பச்சமுத்துக்கு மடா தெரியாது.

அயூபா பாய்ந்தார். பெல்ட் நெடுக ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். லீவர் விழுந்த சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது ஹூட்டர் அடிக்கவில்லை.

நான் சூட்டுக்கு ஓடினேன். இரண்டு பூட்ஸின் அடிப்பக்கம் தெரிந்தது. தலைகீழாக உள்ளே சரிந்து கிடந்தான் பச்சமுத்து. காலைப் பிடித்து இழுத்தேன். கடப்பாரையோடு வந்தான்.

"இன்னா மேஸ்திரி? கடப்பார உள்ள மாட்டிகிச்சி. அப்டியே வுட்டா பெல்ட்ட நெடுவக் கிழிச்சிடும். அதான் திரும்பி எறங்குனேன்."

"ஹூட்டர் கேக்கல?"

"கேட்டுச்சு. அஞ்சாம் லைன்னு நெனச்சேன். நீதான் எண்ணாம வுட மாட்டியே."

நான் திரும்பிப் பார்த்தேன். கம்பி ஓரத்தில் நாலு பேர். தூண் பக்கம் யாரும் இல்லை.

போய்ப் பார்த்தேன். ஈரக் களிமண்ணில் பூட்ஸ் தடம் நிறைய இருந்தது. நாங்கள் தினமும் மிதிக்கிற இடம்தான். எது யாருடையது என்று சொல்ல எனக்குத் தெரியாது.

5. விசாரணை

காண்ட்ராக்டரின் சைட் இன்ஜினியர் கூப்பிட்டார். நின்றேன்.

"எத்தன பேர எண்ணுன?"

"அஞ்சு சார்."

"நின்னது?"

"நாலு."

"இல்லாதவன எப்படிய்யா எண்ணுன?"

"எண்ணிட்டேன் சார்."

"குடிச்சிருந்தியா?"

"பழக்கம் இல்ல சார்."

"அந்த ஆப்பிரிக்காக்காரன் கயித்த இழுக்கலன்னா இந்நேரம் நான் பச்சமுத்து வூட்டு வாசல்ல நிக்கணும். தெரியுதா?"

"தெரியுது சார்."

மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார். கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னார். காட்டினேன். தூரப் பார்வை நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை இன்ஜினியரிடம் கொடுக்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. கண் கெட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

கேங்கில் கேட்டேன். சேகர் ஒன்றும் கேட்கவில்லை என்று தலையாட்டினான். முருகவேல் ஏதோ கேட்டது என்றான். ஏழுமலை, அயூபாதான் பேசியிருப்பார், பனியில் குரல் அந்தப் பக்கம் போய்த் திரும்பியிருக்கும் என்றான்.

"அதெல்லாம் இல்ல," என்றாள் அஞ்சலை. "அய்யூப்பு வாயத் தெறக்கல. நான் அவுரு மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். அவுரு வாயி மூடித்தான் இருந்துச்சி."

பச்சமுத்து மட்டும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் பண்ருட்டி முந்திரி ஒரு பொட்டலம் வறுத்துக் கொண்டுவந்து அயூபா கையில் வைத்தான். இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றார்கள்.

6. சொன்னது என்ன

நான் வேலைக்குத் திரும்பிய அன்று ஷிஃப்ட் முடிந்து மந்தாரக்குப்பம் டீக்கடைக்கு அயூபாவைக் கூட்டிப் போனேன். ஏழுமலையும் வந்தான்.

"அது என்ன சொல்லுச்சுன்னு கேளு," என்றேன்.

அயூபா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். ஏழுமலை முழுக்கக் கேட்டான். டம்ளரை வைத்தான்.

"வேலைக்கு வந்தாச்சா, ராத்திரி தூங்குனியான்னு கேட்டுச்சாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அவங்கம்மா காலையில கேக்கறது."

அயூபா மேலும் பேசினார். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. இந்தச் சுரங்கத்தில் அவர் மடா பேசியபோதெல்லாம் தன் பங்கை மட்டும்தான் பேசியிருக்கிறார். பதில்களை. கேள்விகளை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது பெரியவர்கள் சொல்ல வேண்டியது. அவர் விட்ட இடைவெளியில் இருக்க வேண்டிய பேச்சு எதுவோ, அதைத்தான் தூண் பக்கத்தில் இருந்து கேட்டார்.

அது முதல் தடவையும் இல்லை. தனியாகப் பேசுவதை அவர் நிறுத்திய அன்றைக்கு, ஒரு இடைவெளியில் கேள்வி வந்திருக்கிறது. சுவரில் மோதி வருகிற சத்தம் என்று நினைத்திருக்கிறார். ஆனாலும் அதோடு வாயை மூடிக்கொண்டார்.

"அவங்கம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே போன் பண்ணிட்டாராம். நல்லா இருக்காங்களாம். ஏண்டா நடு வாரத்துல போன் பண்றன்னு திட்டுனாங்களாம்."

ஏழுமலை அயூபா பக்கம் திரும்பினான்.

"சார், அது உங்க ஊரு பேயா, எங்க ஊரு பேயா?"

அயூபா தமிழிலேயே சொன்னார். "எங்க ஊர் பேய்க்கு விசா கெடைக்காது."

சிரித்தோம். அவரும் சிரித்தார். அப்புறம் இங்கிலீஷில் ஒன்று சொன்னார். ஏழுமலை அதையும் சொன்னான்.

"பேய் பிசாசெல்லாம் அவுரு நம்பமாட்டாராம், சர்ச்சுக்குப் போறவராம். ஆனா ஒருத்தர் நலம் விசாரிச்சா பதில் சொல்லாம வரக் கூடாதாம். இவுரு சொல்லாம வந்துட்டாராம். அதான் மனசுல கெடக்குதாம்."

7. அவர் போன நாள்

தை மாதம் அவர் பயிற்சி முடிந்தது. கடைசி நாள் காலையில் எல்லாருக்கும் கை கொடுத்தார். பிறகு எங்களை இங்கேயே இருங்கள் என்று சைகை காட்டிவிட்டு ஆறாம் பாயின்ட் தூண் பக்கம் போனார்.

பனி இருந்தது. அவர் முதுகு தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பேசினார். நிறுத்தினார். தலையாட்டினார். பேசினார். அஞ்சலை வழக்கம்போல் "ஆங்" என்று குரல் கொடுக்கவில்லை. எங்கள் காதில் எதுவும் விழவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். திரும்பி வந்தார். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

"என்ன பேசுனீங்க?" என்று ஏழுமலை கேட்டான். அயூபா சொல்லச் சொல்ல எங்களுக்குச் சொன்னான்.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டாராம். கடைசியா வூட்டுல இருக்கிறவங்க எப்படின்னு கேட்டுச்சாம். இங்க இவுருக்கு வூட்டு ஆளுங்கன்னா நாமதானாம். அதனால நம்ம பேரெல்லாம் ஒவ்வொண்ணா சொன்னாராம். நல்லா இருக்காங்கன்னு சொன்னாராம்."

"எம்பேரயுமா?" என்றாள் அஞ்சலை.

"உம்பேரு ரெண்டாவது."

"எம்பேர எதுக்கு அதுகிட்ட குடுத்தாரு? அவுருபாட்டுக்கு நாளைக்கு ஏரோப்ளேன் ஏறிடுவாரு. நானில்ல இங்க தெனம் வாரணும்."

அயூபாவுக்கு அவள் சொன்னது புரிந்துவிட்டது. அவள் தலையில் ஹெல்மெட்டை நேராக வைத்தார். வைத்துக்கொண்டே ஏழுமலையிடம் இன்னும் ஒன்று சொன்னார்.

"ஒண்ணு கேட்டுக்கிட்டாராம். இவங்க வரிசையில வந்து நிக்காதன்னு."

"அதுக்கு என்ன சொல்லுச்சாம்?" என்றேன்.

ஏழுமலை கேட்டான். அயூபா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"அதுக்கு பதில் வர்ல, மேஸ்திரி."

8. கற்றுக்கொண்டது

அவர் போனபின் நான் எண்ணுவதை விட்டேன். பேர்தான். பதில் வந்தால்தான் அடுத்த பேர். எல்லாப் பேரும் முடிந்தபின்தான் பூட்டு. கண்ட்ரோலில் கத்தினால் கத்தட்டும். முதலில் சிரித்தார்கள். பிறகு மற்ற கேங்குகளிலும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். சைட் இன்ஜினியர் அதையே விதியாக எழுதி ஒட்டினார். எந்த ஊரில் இருந்து வந்த பழக்கம் என்று அதில் இல்லை. அது மடாக்காரர்கள் குழியில் ஒருவரைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டது. எங்களுக்கு ஆள் போகாமல் கிடைத்தது.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். நிற்கிற ஆளை நம்பாதே. ஹெல்மெட்டை நம்பாதே. உன் கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கொடுத்த சீட்டையும் நம்பாதே. அவனவன் குரலைக் கேட்டுவிட்டுக் கிளியர் சொல்.

அந்தத் தூணில் என்ன நின்றது என்று எனக்குத் தெரியாது. கெட்டதா நல்லதா என்றும் தெரியாது. அது பச்சமுத்துவின் இடத்தில் நின்றதால்தான் நான் தப்பாக எண்ணினேன். அது வாய் திறந்ததால்தான் அயூபா கயிற்றை இழுத்தார். இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று கழிந்துவிடுகிறது.

அடுத்த மார்கழியில் எனக்கு அறுபது முடிந்தது. கடைசி ஷிஃப்ட். அன்றும் பனி. அன்றும் ஆறாம் பாயின்ட்டில் அடைப்பு. வேலை முடிந்து வரிசையில் நின்றார்கள். பேர் கூப்பிட்டேன். ஏழுமலை, அஞ்சலை, சேகர், முருகவேல், பச்சமுத்து. ஐந்து பேரும் அவரவர் குரலில் பதில் சொன்னார்கள். எல்லாரும் வெளியே இருக்கிறார்கள். பூட்டை எடுத்தேன். கிளியர் சொன்னேன். முதல் ஹூட்டர் அடித்தது.

இரண்டாவது ஹூட்டர் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. விரல் பழைய பழக்கத்தில் எழுந்தது. கடைசி நாள் என்று விட்டுவிட்டேன். ஏழுமலையில் ஆரம்பித்துத் தூண் வரைக்கும் எண்ணினேன்.

ஆறு.